சிதறி வாழ்தலும் தேய்ந்து போதலும்: நெப்ராஸ்காவின் செரி கவுண்டி

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பம் செய்யப்பட்ட எழுத்து வடிவம்)



மக்கள்தொகைப் புவியியல் பற்றிப் பேசுங்கள் என்று அழைத்தார்கள். இத்துறையில் நாம் பெரும்பாலும் பேசுவது நெரிசலைப் பற்றித்தான்: பெருநகரம், குடிப்பெயர்ச்சி, இடப்பற்றாக்குறை. இன்று நான் மறுமுனையை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தின் வடக்கு எல்லையில் செரி கவுண்டி என்றொரு நிர்வாகப் பகுதி இருக்கிறது. பரப்பு ஏறத்தாழ 6,000 சதுர மைல், அதாவது 15,500 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். கனெக்டிகட் மாநிலம் முழுவதையும் இதற்குள் வைத்தாலும் இடம் மிஞ்சும். 2020 கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்பவர்கள் 5,455 பேர். சதுர மைலுக்கு ஒருவர்கூட இல்லை.

இந்த எண்ணைக் கேட்டதும் இரண்டு முடிவுகளில் ஏதாவது ஒன்றுக்கு நாம் போய்விடுகிறோம். அது மனிதர் வாழ ஏற்ற இடமில்லை என்பது ஒன்று. வாழ்ந்த இடம், இப்போது செத்துக்கொண்டிருக்கிறது என்பது மற்றொன்று. இரண்டுமே அவசர முடிவுகள். மக்கள் சிதறி வாழ்வது வேறு, மக்கள்தொகை தேய்ந்து போவது வேறு. முன்னது நிலத்தோடு மனிதர் செய்துகொண்ட உடன்பாடு. பின்னதற்குக் காரணங்கள் நிலத்துக்கு வெளியே இருக்கின்றன. அடர்த்தி என்கிற ஒற்றை எண் இவ்விரண்டையும் ஒன்றாகக் காட்டிவிடுகிறது. இந்தக் கருத்தை நிறுவத்தான் இந்த ஒரு மணி நேரம்.

1. மணல் இட்ட கட்டளை

செரி கவுண்டியின் பெரும்பகுதி மணற்குன்றுகள். நெப்ராஸ்காவின் சாண்ட்ஹில்ஸ் ஏறத்தாழ 50,000 சதுர கிலோமீட்டர் பரந்தது. மேற்கு அரைக்கோளத்தில் இதைவிடப் பெரிய மணல்மேட்டுப் பரப்பு கிடையாது. சில குன்றுகள் 120 மீட்டர் உயரம் வரை எழுகின்றன. காற்று அடித்துக் குவித்த மணல்தான், ஆனால் அதன்மேல் புல் வளர்ந்து மூடியிருக்கிறது. அந்தப் புல்லின் வேர்தான் குன்றுகளை நகரவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நெடிய வறட்சி வந்தபோது அந்தப் பிடி தளர்ந்து குன்றுகள் மீண்டும் நகர்ந்தன என்று மணல் அடுக்குகளின் வயதைக் கணித்த ஆய்வுகள் காட்டுகின்றன. நிலவியல் கணக்கில் ஆயிரம் ஆண்டு என்பது நேற்று.

இங்கே ஆண்டு மழை சுமார் 500 மில்லிமீட்டர். பெய்வதில் பெரும்பகுதி ஓடி வீணாவதில்லை, மணல் உறிஞ்சிக்கொள்கிறது. அடியில் இருப்பது ஓகலாலா நீர்ப்படுகை. அமெரிக்கச் சமவெளியின் எட்டு மாநிலங்களுக்கு அடியில் பரந்து கிடக்கும் இந்த நீர்ப்படுகை மிகத் தடிப்பாக இருப்பது நெப்ராஸ்காவின் இந்த மணலுக்குக் கீழேதான். டெக்சாஸிலும் கன்சாஸிலும் அதே நீர்ப்படுகை பாசனத்தால் வற்றிவரும்போது, இங்கே நீர் மேலேயே தலைகாட்டுகிறது. குன்றுகளுக்கு இடைப்பட்ட பள்ளங்களில் அது ஏரியாகவும் சதுப்பாகவும் ஈரப் புல்வெளியாகவும் தெரிகிறது. நார்த் லூப், ஸ்நேக் போன்ற ஆறுகள் மழையை நம்பி ஓடுவன அல்ல. அவற்றை நிலத்தடி ஊற்று ஊட்டுவதால் கோடையிலும் குளிரிலும் நீர் மட்டம் அதிகம் மாறுவதில்லை. கவுண்டியின் வடபகுதியில் நையோப்ராரா ஆறு ஆழ வெட்டி ஓடுகிறது. அதன் பள்ளத்தாக்கில் கிழக்கத்திய இலையுதிர் காட்டு மரங்களும் மேற்கு மலைகளின் பாண்டெரோசா பைன் மரங்களும் ஒரே சரிவில் நிற்பதைப் பார்க்கலாம்.

ஆக, இது பாலைவனம் அல்ல. தண்ணீர் இருக்கிறது, புல் இருக்கிறது. கலப்பை வைக்க மட்டும் இடமில்லை. மேல்மண்ணைக் கிளறினால் புல்வேர் அறுந்து, காற்று அந்த இடத்தில் குடைய ஆரம்பிக்கும். சின்னக் கீறலாகத் தொடங்குவது சில ஆண்டுகளில் பெரிய மணற்குழியாக விரியும். பண்ணையாளர்கள் அஞ்சுவது இந்தக் காற்றுக்குழிகளுக்குத்தான். வேலியோரம் மாடுகள் ஒரே தடத்தில் நடந்தால்கூட அந்தத் தடம் குழியாகிவிடக்கூடும்.

இதில் ஒரு செடியின் கதையையும் சொல்ல வேண்டும். இந்தக் காற்றுக்குழிகளில் மட்டுமே வளரும் பென்ஸ்டெமன் வகைச் செடி ஒன்று உண்டு. மேய்ச்சல் ஒழுங்குக்கு வந்து, தீ கட்டுப்பட்டு, குழிகள் மூடத் தொடங்கியபோது அந்தச் செடியும் அருகியது. 1940 வாக்கில் அது அழிந்துவிட்டதாகவே கருதினார்கள். 1968இல் மீண்டும் கண்டெடுக்கப்பட்டு, 1987இல் அழியும் நிலையிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. மண்ணைக் காப்பதில் மனிதர் எவ்வளவு வென்றார்கள் என்பதற்கு அந்தச் செடி அரிதாகிப்போனதே சாட்சி.

இந்த நிலத்தில் ஒரு தாய்ப்பசுவும் அதன் கன்றும் ஓராண்டு வாழ, குளிர்காலத்துக்கான உலர்புல்லையும் சேர்த்து, பொதுவாக 15 முதல் 20 ஏக்கர் வரை வேண்டும். இந்த எண்ணை மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். செரி கவுண்டியில் எத்தனை பேர் வாழலாம் என்பதை முதலில் தீர்மானிப்பது இதுதான்.

2. ஏழு ஊர்களும் ஒரு பாதையும்

வரைபடத்தை விரித்தால் உடனே கண்ணில் படுவது ஒன்று உண்டு. கவுண்டியில் உள்ளாட்சித் தகுதி பெற்றவை ஏழே ஊர்கள்: வாலண்டைன், உட் லேக், க்ரூக்ஸ்டன், கில்கோர், நென்ஸெல், கோடி, மெரிமன். ஏழும் வடக்கு விளிம்பில் 20ஆம் எண் நெடுஞ்சாலை ஓரத்தில் கோத்ததுபோல் இருக்கின்றன. 1883இல் வாலண்டைனுக்கு ரயில் வந்தது. கவுண்டி அமைக்கப்பட்டதும் அதே ஆண்டு. ரயில் போன வழியில் ஊர்கள் முளைத்தன. அதே ரயில் பாதை 1990களின் தொடக்கத்தில் நின்றுபோனது. ஊர்கள் அங்கேயே இருக்கின்றன. வாலண்டைனுக்குக் கிழக்கே தண்டவாளம் இருந்த தடம் இப்போது நடைபாதை.

தலைமையூரான வாலண்டைனில் 2020இல் 2,633 பேர், கவுண்டியின் மக்களில் ஏறக்குறையப் பாதி. நென்ஸெல்லில் 2010 கணக்கெடுப்பு எண்ணியது 20 பேர். நெடுஞ்சாலைக்குத் தெற்கே, கவுண்டியின் மிகப் பெரும்பகுதியில், உள்ளாட்சித் தகுதி பெற்ற ஊர் ஒன்றுகூட இல்லை. பிரவுன்லீ, எல்ஸ்மியர் போன்ற சிறு குடியிருப்புகளும் தனித்தனி மேய்ச்சல் பண்ணைகளும்தான். கவுண்டி அகலமாகக் கிடப்பதால் நேர மண்டல எல்லையும் அதன் நடுவே போகிறது. கிழக்கே ஒரு மணி, மேற்கே இன்னொரு மணி.

ஆக, சராசரி அடர்த்தி என்று நாம் சொல்லும் எண்ணில் வாழ்கிறவர் அங்கே எவருமில்லை. பாதிப் பேர் ஒரு சிறு நகரத்தில் அக்கம்பக்கமாக வாழ்கிறார்கள். மீதிப் பேரில் பெரும்பாலோர் அந்தச் சராசரியைவிட மிக அகன்ற வெளியில் வாழ்கிறார்கள்.

3. இரண்டு பேர் என்ற அளவுகோல்

1890 கணக்கெடுப்பு முடிந்ததும் அமெரிக்கக் கணக்கெடுப்புத் தலைவர் ராபர்ட் போர்ட்டர், குடியேற்றத்தின் எல்லைக்கோடு என்று இனி ஒன்றை வரைய முடியாது என அறிவித்தார். சதுர மைலுக்கு இரண்டு பேருக்குக் குறைவாக இருந்தால் அது குடியேறாத நிலம் என்பது அதுவரை பயன்பட்ட அளவுகோல். 1893இல் சிகாகோவில் வரலாற்றறிஞர் ஃபிரெடரிக் ஜாக்சன் டர்னர் படித்த புகழ்பெற்ற கட்டுரை இந்த அறிவிப்பிலிருந்துதான் தொடங்குகிறது. எல்லைப்புறம் முடிந்துவிட்டது, அமெரிக்க வரலாற்றின் முதல் காலகட்டமும் அதோடு முடிந்தது என்று அவர் வாதிட்டார்.

இந்த அளவுகோலைச் செரி கவுண்டியின் மேல் வைத்துப் பாருங்கள். 1890இல் 6,428 பேர். 1900இல் 6,541. 1910இல் 10,414. 1920இல் 11,753, இதுதான் உச்சம். பிறகு இறக்கம்: 1930இல் 10,898, 1940இல் 9,637, 1950இல் 8,397, 1960இல் 8,218, 1970இல் 6,846. அதன்பின் மெதுவாகச் சரிந்து 2020இல் 5,455. நீர்ப்பரப்பு நீங்கலான நிலப்பரப்பு சுமார் 5,960 சதுர மைல். உச்சம் தொட்ட 1920இலும் சதுர மைலுக்கு 1.97 பேர்தான் வருகிறது. அதாவது, போர்ட்டர் காலத்து அளவுகோல்படி செரி கவுண்டி வரலாற்றில் ஒருமுறைகூடக் 'குடியேறிய நிலம்' ஆகவில்லை.

ஆனால் அங்கே ஏழு ஊர்களும் நீதிமன்றமும் மருத்துவமனையும் பள்ளிகளும் தேவாலயங்களும் ஐந்தாறு தலைமுறைக் குடும்பங்களும் இருக்கின்றன. தவறு நிலத்திடம் இல்லை, அளவுகோலிடம் இருக்கிறது. கிழக்கு மாநிலங்களின் உழவை மனத்தில் வைத்து வகுத்த அளவு அது. உழவன் வந்து நிலத்தைப் பங்கிட்டு நெருங்கி அமர்வதுதான் குடியேற்றம் என்று அது முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது. மேய்ச்சல் சமூகம் நிறைவாக அமர்ந்த பின்னும் அந்தக் கண்ணுக்கு அது தொடங்கவே இல்லை என்றுதான் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த நிலம் யாருமற்று இருந்து வெள்ளையருக்காகக் காத்திருக்கவில்லை. லக்கோட்டா, பானி, பொன்கா, செயென் மக்கள் காட்டெருமையைத் தொடர்ந்து இந்தக் குன்றுகளுக்குள் வந்து போனார்கள். 1868ஆம் ஆண்டின் லாரமி கோட்டை உடன்படிக்கை நார்த் பிளாட் ஆற்றுக்கு வடக்கே வேட்டையாடும் உரிமையை லக்கோட்டாக்களுக்கு எழுத்தில் தந்தது. பத்தாண்டு தாண்டுவதற்குள் அந்த உரிமை பறிக்கப்பட்டது. 1880இல் இங்கே நையோப்ராரா கோட்டை எழுந்ததே வடக்கிலிருந்த அவர்களைக் கண்காணிக்கத்தான். மக்கள்தொகை வரிசை 1890இல் தொடங்குவதால் வரலாறும் அங்கே தொடங்குகிறது என்று நாம் எண்ணிவிடக் கூடாது.

4. சட்டம் வகுத்த ஏக்கர்

என் வாதத்தின் மையத்துக்கு வருகிறேன். 1900க்கும் 1920க்கும் இடையே இந்தக் கவுண்டியின் மக்கள்தொகை ஏறத்தாழ எண்பது விழுக்காடு உயர்ந்தது. அதன்பின் முப்பதே ஆண்டுகளில் அந்த உயர்வில் பெரும்பகுதி கரைந்தது. இந்த ஏற்ற இறக்கத்தை விளக்காமல் இந்த நிலத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

1862ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர் என்றது. அயோவாவின் கரிசலில் அது ஒரு பண்ணை. சாண்ட்ஹில்ஸில் அது எட்டுப் பத்து மாடுகளுக்கான புல். இந்தப் பிழையை அன்றே கண்டு சொன்னவர் நிலவியலாளர் ஜான் வெஸ்லி பவல். 1878இல் அவர் அளித்த வறண்ட நிலங்கள் பற்றிய அறிக்கையில், மேய்ச்சல் நிலங்களுக்குக் குடும்பத்துக்கு 2,560 ஏக்கராவது, அதாவது நான்கு சதுர மைலாவது வேண்டும் என்று எழுதினார். 100ஆம் தீர்க்கரேகைக்கு மேற்கே கிழக்கின் முறை செல்லாது என்பது அவருடைய எச்சரிக்கை. செரி கவுண்டி அந்தக் கோட்டைத் தாண்டியதும் தொடங்குகிறது. நாடாளுமன்றம் அவர் சொன்னதை ஏற்கவில்லை.

சட்டம் விட்ட இடைவெளியில் கால்நடைப் பெருமுதலாளிகள் புகுந்தார்கள். 1879 வரை அவர்களும் மணற்குன்றுகளுக்குள் போக அஞ்சியவர்கள்தான். அந்த ஆண்டு பனிப்புயலில் மாடுகள் குன்றுகளுக்குள் ஒதுங்கிவிட்டன. தேடிப்போன ஆட்கள், குளிர்காலம் கழிந்தும் கொழுத்து நின்ற மாடுகளைக் கண்டார்கள்; முந்தைய ஆண்டுகளில் வழிதவறிப்போன மாடுகளும் அவற்றோடு நின்றன. தேடிப்போனவர்களில் ஒருவரான ஜிம் டால்மன் பின்னாளில் ஒமாஹா நகர மேயரானார். அதன்பின் குன்றுகளெங்கும் முள்கம்பி ஓடியது, அரசு நிலத்தின் குறுக்கேயும் ஓடியது. அரசு நிலத்தை வேலியிடுவதை 1885இலேயே சட்டம் தடுத்திருந்தும் அது நிற்கவில்லை. ஸ்பேட் பண்ணையின் பார்ட்லெட் ரிச்சர்ட்ஸ் மீது வழக்கு நடந்தது. படைவீரர்களின் விதவைகள் பெயரில் நிலத்தைப் பதிவு செய்து தன் பண்ணையோடு சேர்த்துக்கொண்டார் என்பது குற்றச்சாட்டு. 1906இல் தண்டனை பெற்றார். தண்டனைக் காலம் முடியும் முன்பே 1911இல் காவலில் இறந்தார். அவர் செய்தது சட்டமீறல்தான், அதில் ஐயமில்லை. ஆனால் 160 ஏக்கரில் யாரும் வாழ முடியாத நிலத்துக்கு 160 ஏக்கர் சட்டத்தைப் போட்டவர்களும் அந்த மீறலில் பங்காளிகள் என்பது என் தீர்ப்பு.

1904இல் நெப்ராஸ்காவின் நாடாளுமன்ற உறுப்பினர் மோசஸ் கின்கெய்ட் கொண்டுவந்த சட்டம் மேற்கு நெப்ராஸ்காவின் 37 கவுண்டிகளில் குடும்பத்துக்கு 640 ஏக்கர் தந்தது. ஐந்தாண்டு அங்கேயே குடியிருக்க வேண்டும், ஏக்கருக்கு 1.25 டாலர் மதிப்பில் நிலத்தை மேம்படுத்த வேண்டும் என்பவை நிபந்தனைகள். சட்டம் நடைமுறைக்கு வந்த ஜூன் மாதம் வாலண்டைன் நில அலுவலகத்தின் முன் வரிசை நீண்டது. மண்கட்டிகளை வெட்டி அடுக்கி வீடு கட்டினார்கள். மரம் இல்லாததால் மாட்டுச் சாணத்தை எரித்துக் குளிர் காய்ந்தார்கள். பள்ளிகள் முளைத்தன, அஞ்சல் நிலையங்கள் முளைத்தன. பக்கத்துக் கவுண்டியில் வளர்ந்த மேரி சாண்டோஸ் 1935இல் வெளியிட்ட 'ஓல்ட் ஜூல்ஸ்' என்ற நூல் இந்தக் குடியேறிகளின் வாழ்க்கையை, தன் தந்தையின் வரலாறாகவே, உள்ளிருந்து சொல்கிறது.

அவர்களில் கறுப்பின மக்களும் இருந்தார்கள். 1907 முதல் நார்த் லூப் ஆற்றோரம், பிரவுன்லீக்கு அருகே, டெவிட்டி என்ற குடியிருப்பு எழுந்தது. அடிமை முறையிலிருந்து விடுபட்டவர்களும் அவர்கள் பிள்ளைகளும், ஒருகாலத்தில் கனடாவுக்குத் தப்பிப்போய்த் திரும்பியவர்களின் குடும்பங்களும் அங்கே நிலம் பெற்றார்கள். நெப்ராஸ்காவின் கிராமப்புறக் கறுப்பினக் குடியிருப்புகளில் பெரியதும் நெடுநாள் நிலைத்ததும் இதுதான். தேவாலயம், பள்ளிகள், கடை, ஒரு பேஸ்பால் அணி எல்லாம் இருந்தன. பிள்ளைகளைப் படிக்க வைப்பதில் அவர்கள் காட்டிய உறுதியைப் படிக்கும்போது எனக்கு மனம் நெகிழ்கிறது. 1930களில் அந்தக் குடியிருப்பு கலைந்தது. இன்று அங்கே ஊர் இல்லை. 2016இல் நெடுஞ்சாலையோரம் ஒரு நினைவுப் பலகை நிறுவப்பட்டிருக்கிறது.

டெவிட்டி ஏன் கலைந்தது? மற்றக் கின்கெய்ட் குடியேறிகள் கலைந்த அதே காரணம்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். 640 ஏக்கர், மாட்டுக்கு 15 முதல் 20 ஏக்கர். முப்பத்திரண்டிலிருந்து நாற்பத்திரண்டு மாடுகள். ஆண்டுக்கு முப்பது கன்று விற்றுக் குடும்பம் நடத்த முடியாது. முடியாதபோது உழுதார்கள், சோளம் விதைத்தார்கள். உழுத மணல் பறந்தது. முதல் உலகப்போர்க் காலத்து விலை சில ஆண்டு கைகொடுத்தது. போர் முடிந்து விலை விழுந்ததும், பிறகு முப்பதுகளின் வறட்சி வந்ததும், உரிமைப் பத்திரத்தைக் கையில் வாங்கியவர்கள் பக்கத்துப் பண்ணைக்கு நிலத்தை விற்றுவிட்டு வெளியேறினார்கள். பவல் கேட்ட அளவில் நான்கில் ஒரு பங்கைத்தான் கின்கெய்ட் தந்தார். குடியேறிகளின் உழைப்பில் குறையில்லை. அவர்களுக்கு அளந்து கொடுத்த நிலத்தில்தான் குறை.

ஆகவே 1920இன் உச்சத்தை இந்தக் கவுண்டியின் இயல்பான நிலையாகக் கொண்டு, அதிலிருந்து எத்தனை விழுக்காடு விழுந்தது என்று கணக்கிடுவது தவறு. சட்டம் செயற்கையாக ஏற்றி வைத்த எண் அது. 1920இலிருந்து 1950 வரையிலான இறக்கத்தில் பெரும்பகுதி, நிலம் தன் கணக்கைத் திருத்திக்கொண்டது. இதைச் சிதறல் என்கிறேன்; இதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. இன்று ஒரு குடும்பம் அங்கே நிலைக்கச் சில நூறு மாடுகள் வேண்டும். நானூறு மாடு என்றால், மாட்டுக்கு 20 ஏக்கர் வீதம், எட்டாயிரம் ஏக்கர், பன்னிரண்டரை சதுர மைல். பண்ணைக்குப் பண்ணை அதற்கேற்ற தூரம் இருந்தாக வேண்டும்.

அந்தத் தூரத்திலும் அவர்கள் அண்டை வீட்டார்தான். வசந்தத்தில் கன்றுகளுக்குச் சூடு போடும் நாட்களில் சுற்றுவட்டாரப் பண்ணைகள் முறைவைத்து ஒருவர் பண்ணைக்கு ஒருவர் போகிறார்கள். பிள்ளைகள் உட்பட எல்லாருக்கும் அன்று வேலை உண்டு, சாப்பாடு உண்டு, கூலி கிடையாது. புல்வெளியில் தீப்பிடித்தால் ஓடிவருவதும் அந்த அண்டை வீட்டார்களைக் கொண்ட தன்னார்வத் தீயணைப்புக் குழுக்கள்தான்.

5. வடக்கு எல்லைக்கு அப்பால்

ஒரு சுருக்கமான ஒப்பீடு. செரி கவுண்டியின் வடக்கு எல்லை தெற்கு டகோட்டா மாநிலம். எல்லையைத் தாண்டினால் டாட் கவுண்டி. அது முழுவதும் ரோஸ்பட் லக்கோட்டா ஒதுக்கிடத்துக்குள் அடங்குகிறது. அதன் தென்பகுதியிலும் இதே மணற்குன்றுகள், இதே புல், இதே மழை. பரப்பு சுமார் 1,390 சதுர மைல், செரியில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. 2020இல் மக்கள்தொகை 9,319. சதுர மைலுக்கு ஏழு பேருக்குச் சற்றுக் குறைவு. செரியைப் போல ஏழு மடங்கு.

லக்கோட்டா மக்களை வரலாறு அந்த எல்லைக்குள் கொண்டுவந்து நிறுத்தியது. அந்த நிலம் அவர்களுடைய தாயகமாகவும் உறவுகளின் இடமாகவும் நீடிக்கிறது. வறுமை கடுமையாக இருந்தும், அமெரிக்காவின் மிக ஏழைக் கவுண்டிகளில் ஒன்றாக அது இருந்தும், மக்கள் அங்கே இருக்கிறார்கள். புல் மட்டுமே எண்ணிக்கையைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இந்த ஒரு கோடு போதும். அடர்த்தி கூடினால் வளம் கூடியிருக்கிறது என்று கொள்ளவும் முடியாது.

6. தேய்வு என்பது எது

அப்படியானால் 1960க்குப் பின் நிகழ்ந்த இறக்கமும் நிலத்தின் திருத்தம்தானா? இல்லை என்பது என் முடிவு. அதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு: மாடுகளை எண்ணிப் பார்ப்பது. மனிதர் குறைந்த இந்தக் காலத்தில் மாடுகள் குறைந்துவிடவில்லை. இறைச்சிக்கான தாய்ப்பசுக்கள் இலட்சத்துக்கு மேல் உள்ள செரி கவுண்டி, அந்த எண்ணிக்கையில் அமெரிக்காவின் முதல் வரிசையில் நிற்கிறது. அதே புல் அதே மந்தையைத் தாங்குகிறது. மந்தையைப் பார்த்துக்கொள்ளும் கைகள்தான் குறைந்தன.

முதல் காரணம் உலர்புல் அறுவடை. முன்பு கோடையில் ஈரப் புல்வெளிகளை அறுக்கக் குதிரைகள் பூட்டிய அறுப்பான்களும் வாரிகளும் போர் அடுக்கும் ஏற்றங்களும் வேண்டும். அவற்றுக்கு ஆட்கள் வேண்டும், ஆட்களுக்குக் குடியிருப்பு வேண்டும், பலருக்குக் குடும்பமும் உண்டு. இரண்டாம் உலகப்போருக்குப் பின் டிராக்டர் வந்தது. அதன்பின் புல்லை உருட்டிக் கட்டும் எந்திரம் வந்தது. பத்துப் பேர் செய்த வேலையை இரண்டு பேர் செய்தார்கள். கூலியாட்கள் குடும்பத்தோடு போனார்கள். 1960க்கும் 1970க்கும் இடையே மட்டும் கவுண்டி 1,372 பேரை இழந்தது.

இரண்டாவது நில விலை. மேய்ச்சல் வருமானத்தை வைத்து வாங்க முடியாத விலைக்கு நிலம் போய்விட்டது. அப்பா அம்மாவிடமிருந்து வந்தால்தான் ஓர் இளைஞருக்குப் பண்ணை. வெளியூர்ச் செல்வர்கள் வாங்கிய பண்ணைகளும் உண்டு. தொலைக்காட்சி முதலாளி டெட் டர்னர் இந்தக் கவுண்டியில் பெரும் பரப்பை வாங்கிக் காட்டெருமை வளர்த்தார். புல்லுக்கு அதனால் கெடுதி இல்லை. ஆனால் உரிமையாளர் வெளியூரில் இருக்கும் பண்ணையிலிருந்து பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் குறைவு.

மூன்றாவது பள்ளி. ஒற்றை அறைப் பள்ளிகள் இந்தக் கவுண்டியில் நெடுங்காலம் தாக்குப்பிடித்தன. 2005இல் மாநில அரசு தொடக்கப் பள்ளிக்கு மட்டுமான சிறு கல்வி வட்டங்களைப் பெரிய வட்டங்களோடு இணைக்கச் சட்டம் இயற்றியது. 2006 கோடையில் இணைப்பு நடந்து முடிந்தது. அதே ஆண்டு நவம்பரில் வாக்காளர்கள் அந்தச் சட்டத்தை வாக்கெடுப்பில் நீக்கினார்கள். அதற்குள் வட்டங்கள் கலைக்கப்பட்டுவிட்டன, திரும்ப அமைக்கப்படவில்லை. பள்ளி மூடினால் இளம் குடும்பம் போகிறது, இளம் குடும்பம் போனால் அடுத்த பள்ளி மூடுகிறது. இதைத் தேய்வு என்கிறேன். மணலுக்கும் மழைக்கும் இதில் பங்கில்லை. மனிதர் முடிவுகளால் வந்தது, மனிதர் முடிவுகளால் தடுக்கத் தக்கது.

தடுக்க முயன்றவர்களும் உண்டு. கோடி என்ற ஊரில் ஏறத்தாழ நூற்றைம்பது பேர். மளிகைக் கடை இல்லாமல், ஒரு பால் பாக்கெட்டுக்கும் நெடுந்தூரம் ஓட வேண்டிய நிலை. பள்ளி மாணவர்களே கடை நடத்துவது என்று ஊர் முடிவு செய்தது. வைக்கோல் கட்டுகளை அடுக்கிச் சுவர் எழுப்பி, 2013இல் கடையைத் திறந்தார்கள். கணக்கு, கொள்முதல், விற்பனை எல்லாம் மாணவர்களுக்குப் பாடம், ஊருக்குச் சேவை. ஊர் பிழைத்திருக்க வேண்டிய குறைந்தபட்சத்தைக் கோடி ஊர் மக்கள் சரியாகக் கண்டுகொண்டார்கள்: பள்ளி, கடை, இரண்டையும் பிணைக்கும் பிள்ளைகள்.

7. காலியிடம் என்ற பார்வை

சிதறலையும் தேய்வையும் குழப்பிக்கொண்டால் விளைவது என்ன என்பதற்கு இரண்டு சான்றுகள். 1987இல் ஃப்ராங்க் பாப்பர், டெபோரா பாப்பர் என்ற ஆய்வாளர் இணையர், பெருஞ்சமவெளியின் மக்கள் குறைந்துவரும் பகுதிகளைக் காட்டெருமை மேயும் பொதுவெளியாகத் திரும்ப விடலாம் என்று எழுதினார்கள். சமவெளி மக்கள் கொதித்தார்கள். பாப்பர்கள் கண்ட தேய்வு உண்மையானது. ஆனால் சாண்ட்ஹில்ஸைப் பொறுத்தவரை, புல்லை உழாமல் காத்து வந்தவர்களே அங்கே வாழும் அந்தச் சிலர்தான். அவர்களை நீக்கிவிட்டுப் புல்லைக் காப்பது எப்படி என்ற கேள்விக்கு அந்தக் கட்டுரையில் விடை இல்லை.

மற்றொன்று கீஸ்டோன் எக்ஸ்எல் எண்ணெய்க் குழாய். முதலில் வகுத்த வழி, செரி கவுண்டிக்குக் கிழக்கே, சாண்ட்ஹில்ஸின் வழியாகச் சென்றது. வரைபடத்தில் யாருமில்லாத இடம். நிலத்தடி நீர் கையெட்டும் ஆழத்தில் நிற்கும் மணல் என்பதை அங்கே வாழ்ந்தவர்கள் எடுத்துச் சொன்னார்கள். பண்ணையாளர்களும் சூழலியலாளர்களும் ஒரே அணியில் நின்றார்கள். 2011இல் மாநிலச் சட்டமன்றம் சிறப்புக் கூட்டம் கூடியது; நிறுவனம் மணற்குன்றுகளைத் தவிர்த்து வழியை மாற்ற ஒப்புக்கொண்டது. அந்த நிலத்துக்காகப் பேச ஆட்கள் இருந்ததால் நடந்தது இது. சதுர மைலுக்கு ஒருவர் என்றாலும், அந்த ஒருவர் இருக்க வேண்டும்.

இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உலகின் எந்தப் பகுதிக்கானாலும் அடர்த்தி வரைபடம் வரையும்போது, மக்கள் குறைந்த இடத்தை வெள்ளையாக விட்டுவிடாதீர்கள். அந்த நிலம் எத்தனை பேரைத் தாங்கும், அங்கே நூறாண்டாக எத்தனை பேர் இருந்தார்கள், எந்தச் சட்டமும் எந்த எந்திரமும் எந்தப் பத்தாண்டில் அந்த எண்ணை மாற்றின என்ற மூன்றையும் தேடி எடுத்து வரைபடத்தின் அருகிலேயே எழுதுங்கள். சிதறி வாழ்கிறவர்களுக்கு அவர்கள் வாழ்முறைக்கேற்ற பள்ளியும் மருத்துவமும் சாலையும் வேண்டும் என்று வாதாட அந்தக் குறிப்புகள்தான் கைகொடுக்கும்.